பூனையின் இரைப்புக்கு எது: இன்ஹேலரா, ஊசியா, மாத்திரையா?

பூனைக்கு ஆஸ்துமா என்று சொன்னால் வளர்ப்பவர்களில் பாதிப்பேர் முதலில் சிரிக்கிறார்கள். பூனைக்குமா என்கிறார்கள். வரும். வீட்டுப் பூனைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இந்தத் தொல்லைக்கு ஆளாகலாம் என்று கால்நடை மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. தரையோடு தரையாகக் குந்தி, கழுத்தை முன்னே நீட்டி, நாலைந்து முறை வறட்டு இருமல் இருமிவிட்டு, எதையோ விழுங்கிக்கொண்டு எழுந்து போய்விடும். முடியுருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்று வீட்டில் உள்ளவர்கள் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். முடி வெளியே வராமல் இருமல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், சந்தேகப்பட வேண்டியது வயிற்றை அல்ல, நுரையீரலை.

நோய் உறுதியானதும் மருந்துக் கடைக்குப் போனால், அங்கே கிடைப்பது அத்தனையும் மனிதருக்கான சரக்கு. சால்பியூட்டமால் இன்ஹேலர், அதே மருந்தின் நெபுலைசர் குப்பி, டெர்பியூட்டலின் ஊசி, டெர்பியூட்டலின் மாத்திரை, அதைச் சேர்த்துக் காய்ச்சிய இருமல் சிரப், சால்மெட்டரால் கலந்த வேறொரு இன்ஹேலர். எல்லாமே மூச்சுக்குழாயை விரிக்கும் பீட்டா தூண்டிகள் என்ற ஒரே குடும்பம்தான். ஒரே குடும்பமென்றால் மலிவானதை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பம் ஒன்றுதான், ஆனால் மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எத்தனை நிமிடத்தில் மூச்சுக்குழாயை எட்டுகிறது, போகிற வழியில் இதயத்தை எவ்வளவு உலுக்குகிறது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

கால்நடை மருத்துவராக என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஸ்பேசரோடு (மாஸ்க் பொருத்திய குழல்) சேர்ந்த சால்பியூட்டமால் இன்ஹேலர்தான் முதலிடம். மாஸ்க்கை எந்த வகையிலும் ஏற்காத பூனைக்கும், இரவில் கால்நடை மருத்துவமனையை எட்ட வெகுநேரம் ஆகிற வீட்டுக்கும் டெர்பியூட்டலின் ஊசி. மாத்திரை மூன்றாமிடம். சிரப் வேண்டவே வேண்டாம். இந்த வரிசையில் உள்ள எதுவும் தனியாக ஆஸ்துமாவுக்கு வைத்தியம் ஆகாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தச் செய்தி காதில் விழாமல் போவதால் கெடும் பூனைகளே அதிகம்.

மருந்து உள்ளே என்ன செய்கிறது

பயத்திலும் ஓட்டத்திலும் சுரக்கிற அட்ரினலின், உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேலை செய்கிறது. சில இரத்தக் குழாய்களை இறுக்குகிறது, சிலவற்றை விரிக்கிறது, இதயத்தை விரட்டுகிறது, மூச்சுக்குழாயைத் திறக்கிறது. ஒரே சுரப்பு எப்படி எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது என்ற புதிருக்கு 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர் விடை சொன்னார்: செல்களின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இரண்டு வகை. 1967-இல் பீட்டாவும் இரண்டாகப் பிரிந்தது. இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1. மூச்சுக்குழாய், கருப்பை, தசைகளுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் மென்தசையில் மிகுந்திருப்பது பீட்டா-2. ஆஸ்துமாவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

மென்தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். பீட்டா-2 ஏற்பியில் மருந்து உட்கார்ந்ததும், சவ்வின் உட்புறம் இருக்கும் ஜி புரதம் ஒன்று விழித்துக்கொண்டு, அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூற்றை நிறைய உருவாக்குகிறது. அதன் அளவு ஏற ஏறச் செல்லுக்குள் திரிகிற கால்சியம் குறைகிறது. சுருக்கத்தைத் தொடங்கி வைக்கும் நொதியும் மந்தமாகிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, காற்று போகிறது. இந்த ஏற்பி, ஜி புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் கோலத்தை 2011-இல் படிக அமைப்பாகவே படமெடுத்துக் காட்டியது பிரையன் கோபில்காவின் குழு. மறு ஆண்டு வேதியியல் நோபலை அவர் ராபர்ட் லெஃப்கோவிட்சோடு பகிர்ந்துகொண்டார். இரைக்கிற பூனைக்குக் கொடுக்கும் மருந்தின் வேலையை அணு அணுவாகப் பார்த்துவிட்டோம். அதை எந்த வடிவில் கொடுப்பது என்பதில்தான் இன்னும் குழப்பம்.

பீட்டா-2 மேல் மட்டும் மருந்து உட்கார வேண்டும் என்பது ஆசை. நடைமுறையில் எல்லாம் அளவைப் பொறுத்தது. முன்னாளில் இருந்த ஐசோபிரினலின் என்ற ஆஸ்துமா மருந்து இரண்டு பீட்டாக்களையும் வேறுபாடு பார்க்காமல் தூண்டியதால் இதயம் தாறுமாறாகத் துடித்தது. 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால் பீட்டா-2 பக்கம் நன்றாகச் சாய்ந்தது. சாய்ந்தது என்றுதான் சொல்ல முடியும். இரத்தத்தில் கூடுதலாகக் கலந்தால் அதுவும் இதயத்தைத் தொடும். எலும்புத் தசையைத் தொட்டால் நடுக்கம் வரும். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதால் இரத்தத்தில் அது இறங்கும். இந்தக் கடைசிப் பக்கவிளைவையே சில மருத்துவர்கள் மருந்தாக்கிக்கொள்வதும் உண்டு: சிறுநீர் அடைத்துப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய ஆண் பூனைக்கு டெர்பியூட்டலின் போட்டு அதை இறக்குவார்கள்.

ஆக, மருந்தை இரத்தத்தில் குறைவாகவும் மூச்சுக்குழாயில் நிறையவும் சேர்ப்பது எந்த வடிவம் என்பதே ஒப்பீட்டின் முதல் கேள்வி. எத்தனை விரைவாக என்பது இரண்டாவது. இந்தப் பூனையிடம், இந்த வீட்டில், இந்த மனிதரால் அதைச் செய்ய முடியுமா என்பது மூன்றாவது. நூல்கள் முதல் இரண்டையும் விரிவாகப் பேசிவிட்டு மூன்றாவதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. வீட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் மூன்றாவதில்தான்.

இன்ஹேலர்

ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். மூச்சோடு உள்ளே போவதால் சில நிமிடங்களில் குழாய் விரியத் தொடங்கும். பூனையில் அந்த விளைவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். மருந்து போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போவதால் மைக்ரோகிராம் கணக்கிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மாத்திரையில் அதே குடும்பத்து மருந்தை மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இதயத்துக்கு எது நல்லது என்பது விளங்கும்.

சிக்கல் என்னவென்றால், அழுத்துகிற நேரம் பார்த்து மூச்சை இழு என்று பூனையிடம் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஸ்பேசர். ஒரு முனையில் இன்ஹேலரும் மறுமுனையில் மாஸ்க்கும் பொருந்தும் குழல். மருந்துத் துளிகள் அதற்குள் மிதந்து நிற்கும், பூனை தன்பாட்டுக்கு மூச்சுவிட்டால் போதும். பூனைகளுக்கென்றே கனடா நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ஏரோகேட் என்ற ஸ்பேசர் உலகெங்கும் பேர்பெற்றது. அது கைக்கு எட்டாதவர்கள் குழந்தைகளுக்கான மாஸ்க் வைத்த சிறிய ஸ்பேசரை வாங்கிச் சமாளிக்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. பெரியவர்களுக்கான பெரிய ஸ்பேசர் மட்டும் கூடாது. நான்கு கிலோ பூனை ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 40 மில்லி காற்று. முக்கால் லிட்டர் குழலை அது பத்து மூச்சில் பாதியளவுதான் காலிசெய்யும்; அதற்குள் மிச்ச மருந்து பிளாஸ்டிக் சுவரில் படிந்துவிடும். மருந்து கொடுத்தாயிற்று என்று நாம் நிம்மதியாக இருப்போம், பூனை இரைத்துக்கொண்டே இருக்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. இன்ஹேலரை நன்றாகக் குலுக்க வேண்டும். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். ஏழு முதல் பத்து மூச்சு எண்ண வேண்டும். ஸ்பேசரில் மூச்சுக்கு அசையும் சிறு தகடு இருந்தால் அதைப் பார்த்து எண்ணலாம், இல்லையென்றால் விலா எலும்பைப் பார்த்து எண்ண வேண்டும். அழுத்தும்போது எழும் 'புஸ்' சத்தம் பூனைக்கு எதிரிப் பூனையின் சீறல் மாதிரி. அதற்கு மிரளும் பூனைக்கு, மாஸ்க்கை முகத்திலிருந்து தள்ளிவைத்து அழுத்திவிட்டு, அடுத்த கணமே பொருத்தலாம். கொஞ்சம் மருந்து வீணாகும், பரவாயில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் ஈரம் வடியவிட்டுக் காயவைப்பது நல்லது. துணியால் அழுத்தித் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் ஏறி மருந்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பழக்கம் வேண்டும். மூச்சு முட்டிக் கிடக்கும் பூனையின் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக மாஸ்க்கை அழுத்தினால் அது அடித்துக்கொண்டு திமிறும். திமிறத் திமிற ஆக்சிஜன் தேவை ஏறும். உதவப் போய் உபத்திரவம் ஆகும். நல்ல நாளிலேயே, மருந்து இல்லாத மாஸ்க்கை உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, முகர விட்டு, ஒரு கணம் மூக்கில் வைத்து எடுத்து, உடனே பிடித்த தீனியைக் கொடுத்து, நாளொன்றுக்குச் சில நொடிகளாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சில பூனைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். சிலவற்றுக்கு ஒரு மாதம் ஆகும். சில பழகவே பழகாது. அவற்றோடு மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை.

சால்பியூட்டமாலா, லெவோசால்பியூட்டமாலா என்ற கேள்வியும் இங்கே வரும். சால்பியூட்டமால் என்பது கண்ணாடி பிம்பம் போன்ற இரண்டு மூலக்கூறுகளின் சரிபாதிக் கலவை. ஒன்றுதான் குழாயை விரிக்கிறது. மற்றது சும்மா இருக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அந்தக் கலவையை நாள்தோறும் தொடர்ந்து கொடுத்த பூனைகளின் மூச்சுக்குழாயில் அழற்சி கூடியதையும், விரிக்கும் பாதியை மட்டும் கொடுத்தவற்றில் அப்படிக் கூடாததையும் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்த நல்ல பாதியைத் தனியே பிரித்ததுதான் லெவோசால்பியூட்டமால். அது இந்திய மருந்துக் கடைகளில் எளிதாகவே கிடைக்கிறது, ஓர் அழுத்துக்கு 50 மைக்ரோகிராமாக. அப்படியானால் அதையே வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் எப்போதாவது வரும் அவசரத்துக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தெரியும் அளவுக்கு நாள்தோறும் இன்ஹேலரை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் மாற வேண்டியது இன்ஹேலரின் பெயர் அல்ல. அழற்சிக்கான மருந்து, அதாவது ஸ்டீராய்டு, போதவில்லை என்று பொருள்.

நெபுலைசர் உள்ள வீடுகளில் அதையே பூனைக்கும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பூனைக் கூடையைத் துணியால் மூடி உள்ளே புகையை விடுவது வழக்கம். மருத்துவமனையில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு செய்யும்போது சரி. வீட்டில் எனக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சல், மூடிய கூடையின் புழுக்கம், எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று தெரியாத நிலை. போதாததற்கு, பாதி மருந்து ரோமத்தில் படிந்து, பிறகு பூனை உடம்பை நக்கும்போது வயிற்றுக்குப் போகிறது.

ஊசி

டெர்பியூட்டலின் ஊசியைத் தோலுக்கடியிலோ தசையிலோ போட்டால் கால் மணி முதல் அரை மணி நேரத்தில் வேலை செய்யும். இன்ஹேலரைவிட மெதுவு, இரத்தத்தின் வழியாகப் போவதால் இதயத் துடிப்பும் ஏறும். அப்படியிருந்தும் இதை இரண்டாமிடத்தில் வைக்கக் காரணம் உண்டு. இன்ஹேலரின் மருந்து காற்றோடு போகிறது. காற்றே போகாத அளவுக்குக் குழாய் இறுகிவிட்டால் மருந்தும் போகாது. ஊசிக்கு அந்தத் தடை இல்லை. பூனை ஒத்துழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிடரித் தோலைத் தூக்கி ஒரு குத்து, முடிந்தது.

இதில் பயப்பட வேண்டியது குத்துவதற்கல்ல, அளப்பதற்கு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நான்கு கிலோ பூனைக்கு 0.04 மில்லிகிராம். ஒரு மில்லியில் அரை மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து எடுத்தால் 0.08 மில்லி: ஒரு சொட்டைவிட ஓரளவு பெரியது, அவ்வளவுதான். சாதாரண சிரிஞ்சில் இதை அளக்க முடியாது என்பதால் இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்துவிடுவோம். நம் கடைகளில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டதில் ஒரு மில்லியை 40 கோடாகப் பிரித்திருப்பார்கள். ஆரஞ்சு மூடி போட்டதில் 100 கோடு. 0.08 மில்லி என்பது ஆரஞ்சில் எட்டுக் கோடு, சிவப்பில் மூன்றுக்குச் சற்று மேல். "டாக்டர் எட்டுக் கோடு என்றாரே" என்று சிவப்பு மூடியில் எட்டுக் கோடு எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். ஆகவே உங்கள் பூனையின் எடைக்கு, உங்கள் கையில் உள்ள குப்பிக்கு, நீங்கள் வாங்கிய அதே சிரிஞ்சில் எதுவரை என்று மருத்துவரையே பேனாவால் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் படிக்கும் கணக்கு பெரும்பாலும் மில்லிக்கு ஒரு மில்லிகிராம் உள்ள குப்பிக்கானது. அதை அப்படியே எடுக்காதீர்கள்.

போட்ட பிறகு மூச்சு எண்ணிக்கை நன்றாக இறங்க வேண்டும். இதயம் வேகமெடுப்பது மருந்து இரத்தத்தில் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம். இதயம் வேகமெடுத்தும் மூச்சு இறங்கவில்லை என்றால், இறுக்கம் தவிர வேறு ஏதோ இருக்கிறது; மறு ஊசியைப் பற்றி யோசிக்காமல் வண்டியை எடுக்க வேண்டும்.

மாத்திரையும் சிரப்பும்

டெர்பியூட்டலின் மாத்திரை 2.5 மில்லிகிராமில் வரும். பூனைக்கு அதில் கால் பங்கை நாளுக்கு இரண்டு வேளை என்பது நூல்களில் உள்ள வழக்கமான அளவு. மூச்சுத் திணறலில் இதனால் பயனில்லை. திணறும் பூனையின் வாயைப் பிளந்து மாத்திரையைத் தள்ளுவதே ஆபத்து, தள்ளினாலும் அது வேலை செய்ய நெடுநேரம் ஆகும். அழற்சி மருந்து முழு அளவில் கொடுத்தும் இரவுகளில் இரைப்பு எட்டிப் பார்க்கிறது, இன்ஹேலருக்கும் பூனை இணங்கவில்லை என்ற குறுகிய இடத்துக்குத்தான் இது பொருந்தும். அங்கே பொருந்துகிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

சிரப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்தில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ இருப்பதைப் படித்துவிட்டு, கால் ஸ்பூன் ஊற்றிப் பார்த்தேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிலில் பீட்டா தூண்டியோடு சளியிளக்கிகள் இரண்டு, மென்தால், நிறம், மணம் எல்லாம் கலந்திருக்கும். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. கசப்பும் மென்தாலும் நன்றாகத் தெரியும். நுரை தள்ளித் துப்பும், பாதி மூச்சுக்குழாய்க்குள் போகும். சளி மருந்துகளில் சிலவற்றில் பாராசிட்டமால் உண்டு. அது பூனையைக் கொன்றுவிடும். சர்க்கரை இல்லாதது என்று போட்ட பாட்டிலில் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு நஞ்சு. அளவு தெரியாத, பாதி துப்பப்படுகிற, வேண்டாத நான்கு பொருளோடு வருகிற மருந்தை ஒப்பீட்டில் சேர்ப்பதே அதற்குக் கொடுக்கும் மரியாதை.

தியோபிலின் ஊசியும் மாத்திரையும் இன்னமும் பல இடங்களில் பழக்கத்தால் எழுதப்படுகின்றன. அது பீட்டா தூண்டி இல்லை. உருவான சைக்ளிக் ஏ.எம்.பி. சிதைந்து போகாமல் தடுப்பது அதன் வேலையில் ஒரு பகுதி. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. பீட்டா தூண்டியோடு சேர்ந்தால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. வேறு வழி இருக்கும்போது நான் அதைத் தொடுவதில்லை.

சால்மெட்டரால் மெதுவாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்பது. அவசரத்துக்கு அறவே ஆகாது. புளூட்டிகாசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் உள்ள இன்ஹேலர் கேட்டால் இரண்டும் கலந்ததைக் கடையில் எடுத்துத் தந்துவிடுகிறார்கள். அட்டையைப் படித்து வாங்குங்கள். கலந்தது கூடாது என்றில்லை, கட்டுக்கடங்காத ஆஸ்துமாவுக்கு மருத்துவரே அதைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. ஆனால் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரர் அல்ல.

குதிரைக்காரர்களுக்கு இதே பீட்டா தூண்டிக் குடும்பத்துக் கிளென்பியூட்டரால் சிரப் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 1998-இல் குதிரைகளின் மூச்சுக்குழாய் நோய்க்கென்றே அதற்கு அனுமதி கொடுத்தார்கள். உடம்பில் நீண்ட நேரம் தங்குவதும், கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டுவதும் அதன் குணம். அந்தக் குணத்துக்காகவே இறைச்சி விலங்குகளுக்குக் களவாகக் கொடுத்தார்கள். கல்லீரலில் தங்கிய மிச்சத்தைத் தின்ற மனிதர்களுக்குக் கை நடுங்கி, நெஞ்சு படபடத்தது. 1990-இல் ஸ்பெயினில் மாட்டுக் கல்லீரல் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், 2006-இல் ஷாங்காயில் பன்றியிறைச்சி தின்ற முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி நோயுற்றார்கள். உடற்பயிற்சிக்கூட நண்பரிடம் கிடைக்கிறது என்று அதைப் பூனைக்கு யோசிப்பவர் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால், கேட்காமலே சொல்கிறேன், வேண்டாம்.

ஆனால் குதிரை ஆய்வு ஒன்று பூனை வளர்ப்பவருக்கும் பாடம் வைத்திருக்கிறது. மூச்சுக்குழாய் அழற்சியுள்ள குதிரைகளுக்குக் கிளென்பியூட்டராலை மட்டும் 21 நாள் தொடர்ந்து கொடுத்தபோது, முடிவில் அவற்றின் மூச்சுக்குழாய் முன்னைவிட எளிதாக இறுகத் தொடங்கியது. விடாமல் தூண்டப்படும் ஏற்பியைச் செல் முதலில் ஊமையாக்குகிறது, பிறகு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரெஸ்டின் என்ற புரதம் அந்த வேலைக்கென்றே இருக்கிறது. பீட்டா தூண்டியை மட்டும் நம்பி நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதே பாடம்.

எதனோடு சேர்த்துக் கொடுப்பது

ஆஸ்துமாவில் குழாய் இறுகுவது பாதிக் கதை. மீதிப் பாதி, குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி அடைவது. பீட்டா தூண்டி இரண்டாவதைத் தொடுவதே இல்லை. இரைப்பு நின்றதும் குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே வீக்கம் தன்பாட்டுக்கு வளர்ந்து, சுவர் தடித்து, மீளாத நிலைக்குப் போகும். அழற்சிக்கு ஸ்டீராய்டுதான். பூனைக்குப் பிரெட்னிசோலோனையே எழுத வேண்டும். பிரெட்னிசோன் என்ற அதன் முன்வடிவத்தைப் பூனையின் உடம்பு சரியாக மாற்றிக்கொள்வதில்லை. வாரக்கணக்கில் தாங்கும் ஸ்டீராய்டு ஊசி வசதியானது போலத் தெரியும். திருப்பி எடுக்க முடியாத மருந்து அது. நீரிழிவு வந்துவிட்டால் நிறுத்தவும் வழியில்லை. மாத்திரையில் தொடங்கி, மாஸ்க்குக்குப் பழகிய பூனையை மெல்ல மெல்லப் புளூட்டிகாசோன் இன்ஹேலருக்கு மாற்றுவது நீண்ட ஓட்டத்தில் நல்லது. அது முழுப் பலன் காட்ட இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஸ்டீராய்டுக்கு இன்னொரு புண்ணியமும் உண்டு: செல்களில் பீட்டா-2 ஏற்பிகளின் எண்ணிக்கையை அது கூட்டுகிறது. அதாவது ஸ்டீராய்டில் இருக்கும் பூனைக்கு அவசர இன்ஹேலர் நன்றாகவே வேலை செய்யும். "ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர், இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்றை விட்டால் மற்றதும் கைவிடும்.

மருந்தில்லாத பகுதி செலவில்லாதது. கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, சிகரெட், தூசு பறக்கும் மணல் தட்டு ஆகியவற்றைப் பூனையிடமிருந்து விலக்குவது. வெள்ளிக்கிழமை இரைப்பு கூடுகிறது என்று ஓர் அம்மா கணக்கெழுதிக்கொண்டு வந்தார். சாம்பிராணிப் புகையை மொட்டை மாடியோடு நிறுத்திய பிறகு இன்ஹேலருக்கு வேலை குறைந்தது.

யாருக்கு எது

பீட்டா தூண்டி எந்த வடிவிலும் யோசித்துத்தான் கொடுக்கப்பட வேண்டிய பூனைகள் சில: இதயத் தசை தடித்தவை, தைராய்டு மிகுந்தவை, இரத்த அழுத்தம் ஏறியவை. பிரப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பி சாப்பிடும் பூனையில் இரண்டு மருந்தும் ஒரே ஏற்பிக்கு மல்லுக்கட்டும். முக்கியமாக, வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனையெல்லாம் ஆஸ்துமாப் பூனை அல்ல. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்த பூனையும் அப்படித்தான் மூச்சுவிடும். இருமல் பூனையின் இதய நோயில் அரிது, ஆஸ்துமாவில் வழக்கம்; இருமியதே இல்லாத பூனை திடீரென்று திணறினால் பக்கத்து வீட்டு இன்ஹேலரைக் கடன் வாங்காதீர்கள். நுரையீரல் புழுவும் இதயப் புழுவும் ஆஸ்துமா மாதிரியே வேடம் போடும் என்பதால், முதல் இரைப்புக்கே வாழ்நாள் மருந்தைத் தொடங்கிவிடாமல் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும்.

இளம் வயது, இதயம் சுத்தம், மாதத்துக்கு ஓரிரு முறை இரைப்பு, பொறுமையுள்ள வளர்ப்பவர்: ஸ்டீராய்டும், கையோடு ஓர் இன்ஹேலரும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கூண்டில் பிடித்துக் கட்டுப்படுத்தினால்தான் தொட முடியும் என்ற தெருவில் வளர்ந்த பூனைக்கு மாஸ்க் பழக்கம் பகல் கனவு. உணவில் மறைத்த பிரெட்னிசோலோனும், கோடு போட்ட சிரிஞ்சோடு ஊசிக் குப்பியும் போதும். கை நடுங்கும் முதியவர் தனியாக வளர்க்கும் பூனைக்கு 0.08 மில்லியை நான் நம்பிக் கொடுக்க மாட்டேன். எவ்வளவு நாள் ஆனாலும் மாஸ்க்குக்குப் பழக்குவோம், அதுவரை மாத்திரை. சிறு ஊரில், மருத்துவரை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் இன்ஹேலரும் ஊசியும் இரண்டுமே வீட்டில் இருக்கட்டும்.

அவசரத்தில் இன்ஹேலரை அரைமணிக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. மருத்துவமனைக்குப் போகிற வழியில் என்று அதைப் படியுங்கள். ஈறு நீலம் பாய்ந்தாலோ, வாயைத் திறந்தபடியே இருந்தாலோ, முதல் அளவுக்குப் பிறகும் மூச்சு அடங்கவில்லை என்றாலோ வேண்டியது ஆக்சிஜன்; அது எந்தக் குப்பியிலும் இல்லை. பூனை நன்றாக இருக்கும் நாளில், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் கூடியதா இல்லையா என்று நள்ளிரவில் தடுமாற வேண்டியதில்லை.

வீட்டில் நாயும் இருந்தால் இன்ஹேலரை அலமாரியில் பூட்டி வையுங்கள். ஒரு புது இன்ஹேலரில் 200 அழுத்து, அதாவது 20 மில்லிகிராம் சால்பியூட்டமால். நாய் அதைக் கடித்து ஓட்டை போட்டால் அழுத்தத்தோடு மொத்தமும் ஒரே நேரத்தில் வாய்க்குள் பாயும். சிறிது நேரத்தில் இதயம் நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டும், பொட்டாசியம் விழும், உடம்பு நடுங்கும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், கடித்த இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அங்கே பிரப்ரனலாலும் பொட்டாசியமும் கொடுத்து, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டு காப்பாற்றிவிட முடியும்.